நிலப்படம்: மேலே இருப்பது மேற்கா, வடக்கா?

மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விதான் என்னை நிலப்படம், அதாவது மேப், என்ற சொல்லின் பின்னால் போக வைத்தது. கரும்பலகையில் திருநெல்வேலி டவுனை வரைந்திருந்தேன். நடுவில் நெல்லையப்பர் கோயில், சுற்றி நான்கு ரத வீதிகள். தெருப் பெயர்களை எழுதிவிட்டுத் திரும்பினால் அவள் எழுந்து நிற்கிறாள்.

"டீச்சர், மேல ரத வீதிய மேலதான போடணும்? நீங்க சைடுல போட்டுருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை. பாதி வகுப்புக்கு அதே சந்தேகம் இருந்திருக்கிறது. பலகையின் மேல் விளிம்பில் வடக்கு ரத வீதி என்று எழுதியிருந்தேன். மேல ரத வீதி இடது ஓரத்தில் கிடந்தது. பெயரிலேயே 'மேல' என்று வைத்துக்கொண்டிருக்கிற தெருவை ஓரத்தில் போட்டால், எட்டு வயதுப் பிள்ளை கேட்கத்தானே செய்யும்.

அன்று சாயங்காலம் மேப் என்ற சொல்லில் தொடங்கினேன்.

மேப்பை நாம் இங்கிலீஷிலிருந்து எடுத்தோம். இங்கிலீஷுக்கு அது லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் 'மாப்பா' என்றால் துணி, சாப்பிடும்போது கை துடைக்கிற துண்டு. ரோமாபுரியில் தேர்ப்பந்தயம் தொடங்குவதற்கு அடையாளமாகக் கீழே போடும் துணிக்கும் அதே பெயர்தான். அந்தச் சொல்லைக் கார்த்தேஜ்காரர்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொள்வதாகக் குவின்டிலியன் என்ற ரோமானிய ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். இடைக்காலத்தில் உலகத்தை வரைந்த படத்தை 'மாப்பா முண்டி' என்றார்கள், அதாவது உலகத் துணி. போகப் போக உலகம் உதிர்ந்து துணி மட்டும் நின்றது. அதுதான் மேப். நாப்கினும் ஏப்ரனும்கூட அதே மாப்பாவின் வழி வந்தவைதான். பிரெஞ்சு வாயில் புகுந்து வந்ததில் முதல் எழுத்து மாறிப்போனது.

சரி, நம் 'படம்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. மயிலுக்குப் போர்வை தந்த பேகனைப் பரணர் பாடுகிறார்: "படாஅம் ஈத்த கெடாஅ நல்லிசை" (புறநானூறு 145). படாம் என்றால் துணி. வடமொழியில் 'பட' என்பதும் துணிதான். துணியில் எழுதிய சித்திரம் படமாகி, சித்திரம் எதுவானாலும் படமாகி, இன்றைக்குப் போட்டோவும் சினிமாவும் படம். ரோமாபுரியில் துணி மேப் ஆனதும் இங்கே துணி படம் ஆனதும் தனித்தனிக் கதைகள். ஆனால் இரண்டும் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. ஆகவே மேப்பில் இருக்கிற எதையும் 'படம்' தவறவிடவில்லை. பொருத்தமான சொல்லுக்கு நாம் வெளியே அலைய வேண்டியதில்லை.

அந்தத் துணியை எங்கள் பள்ளியிலேயே பார்க்கலாம். பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்த பழைய சுவர்ப்படம் ஒன்று இருக்கிறது. மேலும் கீழும் கருப்பு வண்ணம் அடித்த கம்பு, நடுவில் காகிதம், காகிதத்துக்குப் பின்னால் ஒட்டிய துணி. மடிப்பு விழுந்த இடங்களில் காகிதம் உதிர்ந்து நூல் தெரிகிறது. அதில் தூத்துக்குடி தனி மாவட்டமாக இல்லை, திருநெல்வேலி மாவட்டம் கடல்வரைக்கும் ஒரே நிறத்தில் போகிறது. ஆகவே அது 1986க்கு முந்தின படம். 2019இல் பிரிந்த தென்காசி பிள்ளைகளின் புதுப் புத்தகத்தில் மட்டும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, "எது மூத்தது, எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டால் போதும். படம் வாசிப்பது என்றால் என்னவென்று ஐந்தாம் வகுப்புக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

இனி, 'படம்' என்பதற்கு முன்னால் எதை வைப்பது? என் அம்மா காலத்தில் தேசப்படம். இலங்கைத் தமிழர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். இந்தியாவைக் காட்ட அது சரி, எங்கள் வாய்க்கால் கரையையும் நாலு தெருவையும் காட்டுகிற தாளைத் தேசப்படம் என்றால் பொருந்துமா? பூகோளப் படமும் அப்படித்தான், உருண்டை பூமியையே தூக்கிக்கொண்டு வருகிறது. (பூகோளம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாளையங்கோட்டையில் வாழ்ந்த இரேனியுஸ் பாதிரியாரின் 'பூமி சாஸ்திரம்' 1832இல் வெளிவந்தது. தமிழில் புவியியலைப் பாடமாக எழுதும் வேலை நம் சீமையில் அவ்வளவு முன்னாலேயே நடந்திருக்கிறது.)

இப்போது எல்லாரும் சொல்வது வரைபடம். இலக்கணப்படி அருமையான சொல். வரைந்த படம், வரைகின்ற படம், வரையும் படம் என்று மூன்று காலத்தையும் உள்ளே வைத்திருக்கிற வினைத்தொகை. 'வரை' என்பதற்கு எழுதுதல், எல்லை, மலை என்ற பொருள்களும் உண்டு, மூன்றுமே மேப்பில் இருக்கிறவை. ஆனாலும் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் இடிக்கிறது. கணக்குப் புத்தகத்தில் வரைபடம் என்றால் கிராஃப், கட்டம் போட்ட தாள் வரைபடத் தாள். வீடு கட்ட மாநகராட்சியில் கொடுப்பதும் வரைபடம். ஒரே சொல் மூன்று வேலைக்குப் போனால் எந்த வேலையிலும் நிலையாக நிற்காது. இதனால்தான் சமூக அறிவியல் புத்தகம் நிலவரைபடம் என்று நீட்டியிருக்கிறது. தவறில்லை, ஆனால் சின்ன வாய்க்கு ஏழெழுத்து அதிகம்.

நான் நிலப்படம் என்பதையே எடுத்துக்கொண்டேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை, ஏற்கெனவே புழங்குகிற சொல். வருவாய்த் துறை வயலுக்குத் தருகிற எஃப்.எம்.பி. (நில அளவைப் புத்தகம்) நகலுக்குப் புலப்படம் என்று பெயர். புலத்துக்குப் புலப்படம் என்றால் நிலத்துக்கு நிலப்படம். அதே தடத்தில் ஊர்ப்படம், தெருப்படம், வகுப்புப்படம், ஆற்றுப்படம் என்று பிள்ளைகளே சொல் கட்டிக்கொள்கிறார்கள். எங்கள் வகுப்பில் ஒருவன் 'வழிப்படம்' என்று எழுதினான், வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வருகிற பாதைக்கு. அட்லஸை நிலப்படத் தொகுப்பு எனலாம். அட்லஸ் என்ற பெயர் 1595இல் வந்த, மெர்காட்டர் என்ற ஐரோப்பிய நிலப்பட வரைஞரின் தொகுப்பிலிருந்து பரவியது.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன்.

மேற்கு என்ற சொல்லுக்குள் இருப்பது மேல். கிழக்குக்குள் இருப்பது கீழ். மலைப்பக்கம் உயரம், கடல்பக்கம் பள்ளம், அவ்வளவுதான். திருநெல்வேலியில் இதை யாரும் நிரூபிக்க வேண்டாம், தாமிரபரணியைப் பார்த்தால் போதும். பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று சரிந்து சரிந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. மேலப்பாவூர், கீழப்பாவூர் என்று ஊர்ப் பெயர்களும் அந்தச் சரிவில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நம் மாவட்டத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் இந்தச் சொற்களைக் கவனித்திருக்கிறார். மலையாளத்திலும் கிழக்கு என்றே சொல்கிறார்கள், ஆனால் அவர்களுக்குக் கிழக்கில்தான் மலை. ஆகவே மலைக்கு இந்தப் பக்கம் பிறந்த சொல்தான் அங்கே போயிருக்கிறது என்பது அவர் வாதம். மேற்குக்கு அவர்கள் படிஞ்ஞாறு என்கிறார்கள், ஞாயிறு படுகிற திசை.

நம் பக்கம் திசை என்பது பேச்சோடு கலந்தது. "மேக்க கருத்துட்டு வருது, துணிய எடு" என்பார்கள். பாயில் உட்கார்ந்தவரிடம்கூட "கொஞ்சம் கெழக்க தள்ளி உக்காருங்க" என்பார்கள். இடது வலது தெரியாத வயதிலேயே மேக்க கெழக்க தெரிந்துவிடுகிற பிள்ளைகள் இவர்கள். பள்ளிக்கூடம் அந்த அறிவைக் கேட்காமல், 'மேப்பில் மேலே இருப்பது வடக்கு' என்று மனப்பாடம் செய்ய வைக்கிறது. அப்புறம் கடையில் இந்தியா மேப் ரெண்டு, தமிழ்நாடு மேப் ரெண்டு வாங்கி வந்து புள்ளி வைக்கிறார்கள். வடக்கு மேலே வருவது ஒரு வழக்கம், விதி இல்லை. ஐரோப்பியர்களின் பழைய உலகப் படங்கள் பலவற்றில் கிழக்கு மேலே இருந்தது. அல் இத்ரீசி என்ற அரபு அறிஞர் 1154இல் செய்த படத்தில் தெற்கு மேலே. அப்படியிருக்க, மேற்கை மேலே போட்டால் என்ன?

போட்டுப் பார்த்தோம். பெரிய தாளைத் தரையில் விரித்து, தலைமாட்டில் பொதிகை, கால்மாட்டில் கடல். ஆறு மேலிருந்து கீழே இறங்கியது. மேல ரத வீதி மேலே வந்தது, கீழ ரத வீதி கீழே வந்தது, பெயரும் இடமும் ஒத்துப்போயின. ஆனித் தேர் எந்த வரிசையில் சுற்றும் என்று கேட்டேன். கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று விரலை ஓட்டிக் காட்டினார்கள். இப்படிப் படம் கைக்குள் வந்த பிறகு, வேறு வகுப்பு டீச்சர்களும் இதையே முதலில் செய்யலாம் என்பது என் உறுதியான எண்ணம். முதலில் மேல் மேற்காக இருக்கட்டும், வடக்கு அப்புறம் ஏறட்டும்.

வாசிப்பதற்கு முன் வரைய வேண்டும் என்பதையும் அந்த வாரத்தில்தான் முழுசாக நம்பினேன். மேலிருந்து பார்ப்பது பிள்ளைகளுக்குக் கடினம். டம்ளரை வரையச் சொன்னால் பக்கவாட்டில் பார்த்து வரைவார்கள். டம்ளரைத் தரையில் வைத்து, பெஞ்சில் ஏறி நின்று பார்க்கச் சொன்னால் வட்டம் வரைகிறார்கள். அளவைக்கு, அதாவது ஸ்கேலுக்கு, கோலம் இருக்கிறது. அக்காவின் மார்கழிக் கோல நோட்டில் உள்ளங்கை அளவில் இருக்கிற ஏழு புள்ளிக் கோலம் வாசலில் பாய் அகலத்துக்கு விரிகிறது. புள்ளி மாறவில்லை, இடைவெளி மட்டும் மாறுகிறது. "நோட்டில் ஒரு விரற்கடை, தெருவில் ஒரு சாண்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அளவைப் பாடம் முடிந்தது.

எல்லைக்கு நம்மிடம் பத்திரம் இருக்கிறது. நிலம் கிரயம் எழுதும்போது செக்குபந்தி என்று நான்கெல்லை எழுதுவார்கள், இன்னார் வீட்டுக்கு மேற்கு, பாதைக்குத் தெற்கு என்று. அளவைக் கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்பார்கள். சொல்லால் எழுதின நிலப்படம் அது. கிழமேல், தென்வடல் என்ற இரண்டு சொல்லையும் பாடப்புத்தகத்தில் நான் பார்த்ததில்லை, அவசியம் வர வேண்டும். பிள்ளைகளை அவரவர் வீட்டுக்குச் செக்குபந்தி எழுதச் சொன்னேன். மேல ரத வீதியைப் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளை எழுதியது: "ஆச்சி வீட்டுக்கு மேக்க, வாய்க்காலுக்கு வடக்க, பிள்ளையார் கோயிலுக்குக் கெழக்க, ரோட்டுக்குத் தெக்க." மறுநாள் அதை வைத்தே ஊர்ப்படம் வரைந்தாள். வாய்க்காலுக்கு நீலம், கோயிலுக்கு முக்கோணம், மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு வாயும் நாலு பல்லும். கடிக்கிற நாய் உண்டு என்பதற்கு அந்தக் குறி. ஓரத்தில் குறிக்கு விளக்கமும் எழுதியிருந்தாள். பெரிய வகுப்பில் முறைக்குறியீடுகள் என்று படிக்கப்போவது இதைத்தான்.

வெள்ளிக்கிழமை டவுன் படத்தைத் திரும்ப எடுத்தோம். வடக்கு இப்போது வலப்பக்கம் இருந்தது. "இத அப்படியே இடப்பக்கமா கால் சுத்து சுத்துங்க" என்றேன். இரண்டு பேர் தாளின் முனையைப் பிடித்துத் தரையிலேயே திருப்பினார்கள். வடக்கு ரத வீதி தலைமாட்டுக்கு ஏறியது, மேல ரத வீதி இடது ஓரத்துக்குப் போனது, முதல் நாள் கரும்பலகையில் கிடந்த அதே இடத்துக்கு. எழுதின பெயரெல்லாம் சாய்ந்து கிடந்தன. அவள் தலையைச் சாய்த்து வாசித்துப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, பழைய எழுத்தை அழிக்காமல், அதன் பக்கத்தில் 'மேல ரத வீதி' என்று நிமிர்த்தி இன்னொரு தடவை எழுதினாள்.