ஓஷா கவர் வந்தால் இழுப்பறையில் போடாதீர்கள்

அமெரிக்காவில் பத்து இருபது பேரை வேலைக்கு வைத்துக் கிடங்கோ பட்டறையோ உணவகமோ நடத்துகிறவர்கள், ஓஷா (வேலையிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) என்றதும் இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நிற்கும் அந்த ஒரு நாளை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் காசு போவது பெரும்பாலும் அன்றைக்கு இல்லை. அவர் வந்து போய்ச் சில வாரமோ சில மாதமோ கழித்து ஒரு கவர் வரும், அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மேசை இழுப்பறையில் போடுவோம் இல்லையா, அங்கேதான் போகிறது.

முதலில் உங்கள் ஊர் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 1970 சட்டத்தின்படி தொழிலாளர் துறையின் கீழ் அமைந்த மத்திய ஓஷா 1971 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. டெக்சஸ், ஃப்ளோரிடா, நியூ ஜெர்சி போன்ற இடங்களில் தனியார் கம்பெனிகளைப் பார்ப்பது அதுதான். கலிஃபோர்னியா, வாஷிங்டன், மிச்சிகன், வட கரோலினா உள்பட 21 மாநிலங்களும் போர்ட்டோ ரிக்கோவும் தனியார் துறைக்கும் சேர்த்துச் சொந்தத் திட்டம் வைத்திருக்கின்றன. அந்த விதிகள் மத்திய விதிகளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஆனால் தொகையும் கெடுவும் மேல்முறையீடு போகும் இடமும் மாறலாம். கீழே நான் சொல்வது மத்திய ஓஷாவின் கணக்கு.

அவர்கள் ஏன் வருகிறார்கள்? உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் அதற்குத்தான் முதலிடம், அப்புறம் சாவு அல்லது பெரிய காயம், அப்புறம் தொழிலாளி கொடுத்த புகார், வேறு துறை அனுப்பிய தகவல், அதற்கும் பிறகுதான் ஆபத்தான தொழில்கள் என்று பட்டியல் போட்டு வருவது. இதில் இரண்டாவது விஷயத்தில் உங்களுக்கே ஒரு கடமை உண்டு: வேலையில் ஒருவர் இறந்தால் 8 மணி நேரத்துக்குள், யாராவது மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தாலோ உறுப்பு துண்டானாலோ கண் போனாலோ 24 மணி நேரத்துக்குள் நீங்களாகவே தெரிவிக்க வேண்டும். எத்தனை பேர் வேலை செய்தாலும் இதில் விலக்கு கிடையாது. சொல்லாமல் விட்டால் அதற்கே தனி சைட்டேஷன், அதாவது விதியை மீறினீர்கள் என்று எழுத்தில் வரும் நோட்டீஸ்.

எல்லாப் புகாருக்கும் ஆள் வருவதில்லை. சில சமயம் போனும் கடிதமும்தான் வரும், இப்படி ஒரு குறை சொல்லப்பட்டிருக்கிறது, 5 வேலை நாளில் பதில் அனுப்புங்கள் என்று. போட்டோவோடு, சரிசெய்த ரசீதோடு ஒழுங்காகப் பதில் போனால் அநேகமாக அத்தோடு முடிந்துவிடும். பதில் போடாதவர்கள் இடத்துக்குத்தான் ஆள் வருவார்.

முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர மாட்டார்கள், அனுமதியில்லாமல் யாராவது முன்தகவல் கொடுத்தால் அதுவே குற்றம். வந்தவரிடம் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. உள்ளே விட மாட்டேன், வாரண்ட் கொண்டு வா என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஐடஹோவில் மின்வேலை, பிளம்பிங் கம்பெனி நடத்திய பார்லோ என்பவர் அப்படித்தான் சொன்னார், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978இல் அவர் பக்கம் தீர்ப்பானது. ஆனாலும் சாதாரண விஷயத்துக்கு இந்த ஆயுதத்தை எடுப்பதில் லாபம் குறைவு என்பது என் எண்ணம். அவர் வாரண்டோடு திரும்பி வருவார், வரும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். பொறுப்பானவர் வெளியே இருந்தால் வரும்வரை கொஞ்சம் காத்திருங்கள் என்று கேட்கலாம், பொதுவாக ஒரு மணி நேரம் வரை பொறுப்பார்கள்.

உட்கார்ந்து பேசும் முதல் கூட்டத்தில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: எதற்காக வந்திருக்கிறீர்கள், எதுவரை பார்க்கப் போகிறீர்கள்? புகார் என்றால் அதன் நகலைக் கேளுங்கள், பெயரை மறைத்துத் தருவார்கள். யார் எழுதியது என்று துப்பறியக் கிளம்ப வேண்டாம். புகார் சொன்னவரை வேலையிலிருந்து நிறுத்தினாலோ ஷிஃப்டைக் குறைத்தாலோ அது பழிவாங்கல் என்று தனி வழக்காகும், அதற்கு அந்தத் தொழிலாளிக்கு 30 நாள் அவகாசம் உண்டு. புகார் பின்பக்கம் இருக்கும் ஒரு மெஷினைப் பற்றியது என்றால் அந்த மெஷினுக்கு நேராக அழைத்துப் போங்கள். கிடங்கு முழுக்கச் சுற்றிக் காட்டிக் கூட்டிப்போனால், வழியில் கண்ணில் படுவதையெல்லாம் அவர் எழுதலாம்.

நடந்து பார்க்கும்போது கூடவே ஒருவர் போக வேண்டும். அவர் எந்தக் கோணத்தில் போட்டோ எடுக்கிறாரோ அதே கோணத்தில் நீங்களும் ஒன்று எடுங்கள், அவர் அளந்தால் நீங்களும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து ஞாபகத்தை நம்பி வாதாட முடியாது. தொழிலாளிகளிடம் அவர் தனியாகப் பேசலாம், முதலாளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மேலாளர், சூப்பர்வைசர் பேசும்போது மட்டும் கம்பெனி சார்பில் வக்கீலோ வேறொருவரோ கூட இருக்கலாம், ஏனென்றால் அவர்கள் சொல்வது கம்பெனியே சொன்னதாகிவிடும். யாரும் பொய் சொல்லக் கூடாது, யாரையும் சொல்லச் சொல்லவும் கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது குற்றமில்லை. "ஆமா சார், இந்த மெஷினோட பாதுகாப்பு மூடி உடைஞ்சு மூணு மாசமாச்சு, ஆர்டர் போடணும்னு இருந்தோம்" என்று பேச்சுவாக்கில் சொல்கிறீர்களே, அதுதான் கோப்பில் உங்கள் வாக்குமூலமாக உட்கார்ந்திருக்கும்.

சம்பவப் பதிவேடு கேட்பார்கள். விலக்குள்ள சில தொழில்கள் தவிர, 10 பேருக்கு மேல் இருந்தால் காயங்களை 300ஆம் எண் படிவத்தில் எழுதி 5 வருடம் வைத்திருக்க வேண்டும், ஆண்டுச் சுருக்கமான 300ஏ படிவத்தைப் பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். கேட்டால் 4 அலுவலக மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அன்றைக்கு உட்கார்ந்து எழுதியது பார்த்தாலே தெரியும்.

இன்ஸ்பெக்டர் அந்த இடத்திலேயே அபராதம் போட மாட்டார். கடைசிக் கூட்டத்தில் என்ன கண்டேன் என்று சொல்வார், அவ்வளவுதான். அங்கே நின்று சண்டை போடுவது வீண். சரிசெய்யக்கூடியதை அன்றே சரிசெய்து அவரிடமே காட்டுங்கள், சைட்டேஷன் வந்தாலும் தொகையில் அது தெரியும்.

இப்போது அந்தக் கவர். மீறல் நடந்ததிலிருந்து 6 மாதத்துக்குள் சைட்டேஷன் வர வேண்டும், அதற்கு மேல் போட முடியாது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வகை இருக்கும்: கடுமையற்றது, கடுமையானது, வேண்டுமென்றே செய்தது, திரும்பச் செய்தது. 2025 ஜனவரி 15 முதல் வந்த கணக்குப்படி முதல் இரண்டுக்கும் ஒரு மீறலுக்கு அதிகபட்சம் 16,550 டாலர், பின்னிரண்டுக்கும் 1,65,514 டாலர். இது உச்ச வரம்பு. மீறல் எவ்வளவு மோசம், கம்பெனி எவ்வளவு பெரியது, நல்லெண்ணம் தெரிகிறதா, பழைய வரலாறு என்ன என்று நான்கையும் பார்த்துத்தான் தொகை போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2025 ஜூலையில் மாற்றிய வழிகாட்டுதலில் 25 பேர் வரை உள்ள கம்பெனிக்கு 70 சதவீதம் வரை குறைக்கலாம் என்று இருக்கிறது, சுத்தமான வரலாற்றுக்கு 20, உடனே சரிசெய்ததற்கு 15 சதவீதம் தனி. எனவே தொகையைப் பார்த்து மயங்கி விழுவதற்கு முன் இந்தக் குறைப்பெல்லாம் உங்களுக்குப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கவர் கைக்கு வந்த நாளிலிருந்து 15 வேலை நாள். சனி, ஞாயிறு, மத்திய அரசு விடுமுறை கணக்கில் வராது. திங்கட்கிழமை வந்தது என்றால், நடுவில் விடுமுறை இல்லாவிட்டால், மூன்று வாரம் கழித்து வரும் திங்கள்தான் கடைசி நாள். அதற்குள் நீங்கள் எழுத்தில் மறுக்காவிட்டால் சைட்டேஷன் இறுதி உத்தரவாகிவிடும், பின்னால் எந்த நீதிமன்றத்திலும் அதைக் கிளறுவது ஏறக்குறைய முடியாத காரியம். கவர் வந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

இந்த 15 நாளுக்குள் ஏரியா டைரக்டரோடு (ஓஷாவின் உங்கள் வட்டார அலுவலகத் தலைவர்) ஒரு பேச்சுவார்த்தைக்கு நேரம் கேட்கலாம், முறைசாராக் கூட்டம், இதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. நிறையப் பேர் இதைக் கேட்பதே இல்லை, எனக்கு இது புரியாத விஷயம். சரிசெய்த போட்டோ, பில், பயிற்சிக் கையெழுத்துத் தாள் எல்லாவற்றோடும் போனால் தொகை குறையலாம், வகை மாறலாம், கெடு நீளலாம், ஒப்பந்தம் எழுதி அங்கேயே முடிக்கலாம். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது: கூட்டம் கேட்டதாலேயே அந்த 15 நாள் கடிகாரம் நிற்காது. கூட்டத்தைப் பதினாறாம் நாளுக்கு வைத்துக்கொண்டு மறுப்புக் கடிதம் அனுப்பாமல் இருந்தவருக்குப் பேச ஒன்றும் மிச்சம் இருக்காது.

சின்னத் தொகைதானே, கட்டித் தொலைத்துவிடலாம் என்று தோன்றும். சில சமயம் அதுவே சரி. ஆனால் கட்டினால் அந்த மீறலை ஏற்றுக்கொண்டதாகும், அடுத்த ஐந்து வருடத்தில் அதே மாதிரி ஒன்று, உங்கள் வேறொரு கிளையில் நடந்தால்கூட, திரும்பச் செய்தது என்ற வகைக்குப் போகலாம், அங்கே உச்ச வரம்பு பத்து மடங்கு. தொகையைவிட வகையைப் பற்றித்தான் அதிகம் பேரம் பேச வேண்டும்.

மறுத்தால் வழக்கு ஓஷாவிடமே இருக்காது, அதிலிருந்து தனியான மறுஆய்வு ஆணையத்துக்குப் போய் நிர்வாக நீதிபதி விசாரிப்பார். மீறலையே மறுக்கலாம், தொகையை மட்டும் மறுக்கலாம், சரிசெய்யும் கெடுவை மட்டும் மறுக்கலாம். கெடுவையோ மீறலையோ நேர்மையாக மறுத்திருந்தால் முடிவு வரும்வரை அந்தக் கெடு ஓடாது. "தொழிலாளிதான் சொன்னதைக் கேட்கவில்லை" என்பது எல்லோரும் சொல்லும் வாதம். அது நிற்க நான்கைக் காட்ட வேண்டும்: விதி இருந்தது, அதைச் சொல்லிக் கொடுத்தோம், மீறுகிறார்களா என்று கண்காணித்தோம், மீறியவர்கள்மேல் நடவடிக்கை எடுத்தோம். நான்காவதில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள், வாய்மொழியாகத் திட்டியதற்குத் தாள் ஏது?

மறுத்தாலும் மறுக்காவிட்டாலும் சைட்டேஷன் நகலை மீறல் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும், 3 வேலை நாளோ சரிசெய்து முடியும்வரையோ எது பிந்தையதோ அதுவரை. மறுக்காவிட்டால் கெடுவுக்குள் சரிசெய்து, கெடு முடிந்து 10 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உதிரிபாகம் வரவில்லை, கெடு போதாது என்றால் கெடு முடிந்த மறு வேலை நாளுக்குள் நீட்டிப்பு மனு போடுங்கள். சும்மா விட்டால் ஒவ்வொரு நாளுக்கும் 16,550 டாலர் வரை ஏறும்.

இதெல்லாம் வருவதற்கு முன்பே ஒன்று செய்யலாம். சின்ன கம்பெனிகளுக்காக ஒவ்வொரு மாநிலத்திலும் இலவச ஆலோசனைத் திட்டம் இருக்கிறது, அபராதப் பிரிவோடு சேராதது, மாநிலத் துறையோ பல்கலைக்கழகமோ நடத்துவது. கூப்பிட்டால் வந்து பார்த்து என்ன தப்பு என்று எழுதித் தருவார்கள், சைட்டேஷன் கிடையாது. ஒரே நிபந்தனை, கடுமையான ஆபத்து என்று அவர்கள் சொல்வதைச் சொன்ன தேதிக்குள் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால்தான் உங்கள் பெயர் அந்தப் பக்கம் போகும். இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டால் இவர்களைக் கூப்பிட முடியாது, ஆகவே அமைதியாக இருக்கும் ஒரு வாரத்தில் போன் போட்டுவிடுங்கள்.