ஆயுள் எதிர்பார்ப்பு: யார் எதிர்பார்க்கிறார்கள்?

'இந்தியர்களின் ஆயுள் எதிர்பார்ப்பு உயர்வு' என்று தலைப்புப் போடுகிறார்கள். இந்தியர்கள் முன்பைவிட அதிக நாள் வாழ ஆசைப்படுகிறார்கள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். தமிழில் எதிர்பார்ப்பு மனத்தில் இருப்பது. தீபாவளிக்கு வரும் படத்துக்கு எதிர்பார்ப்பு உண்டு, பிளஸ் டூ முடிவுக்கு உண்டு. மக்கள்தொகை அட்டவணைக்குள் அது எப்படி நுழைந்தது?

ஒரு வயதில் உள்ளவர் சராசரியாக இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வார் என்ற கணக்குக்கு ஆங்கிலத்தில் 'லைஃப் எக்ஸ்பெக்டன்சி' என்று பெயர். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் நுழைந்தது. எக்ஸ்பெக்டன்சிக்கு லத்தீன் வேர், எதிர்நோக்குதல் என்று பொருள். ஆனால் இங்கே அது சூதாட்டக் கணக்கு வழியாக வந்த சொல். 1657இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் சூதாட்டக் கணக்கு பற்றி எழுதிய நூல் லத்தீனில் வெளிவந்தபோது, ஓர் ஆட்டக்காரருக்கு வாய்ப்புக் கணக்குப்படி சேர வேண்டிய பங்கை 'எக்ஸ்பெக்டாசியோ' என்றார்கள். ஆசைக்கு அதில் இடமே இல்லை, வெறும் சராசரி. 1669இல் ஹைகன்ஸும் தம்பி லோடெவைக்கும் அதே கணக்கை, லண்டன்காரர் ஜான் கிராண்ட் 1662இல் வெளியிட்ட இறப்பு அட்டவணைக்குப் பொருத்தினார்கள்.

அந்த அட்டவணையில் 100 குழந்தைகள் பிறந்தால் 6 வயதில் 64 பேர் மிஞ்சுவர், 16இல் 40, 26இல் 25, 36இல் 16, இப்படியே இறங்கி 76இல் ஒருவர். ஒவ்வொரு இடைவெளியிலும் இறந்தவர்களுக்கு அதன் நடு வயதைக் கொடுத்துக் கூட்டினால் 1,822 ஆண்டு; நூறால் வகுத்தால் 18.2. அதற்காக லண்டன்காரர் எல்லாரும் 18 வயதில் செத்தார்கள் என்று எழுதலாமா? முதல் ஆறு ஆண்டைத் தாண்டிய 64 பேருக்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள்: இன்னும் 20.8 ஆண்டு வருகிறது. பிறந்த குழந்தையைவிட ஆறு வயதுக் குழந்தைக்கு மீதி அதிகம்! பச்சிளங் குழந்தைகளின் சாவுதான் சராசரியைக் கீழே இழுக்கிறது. ஒவ்வொரு வயதுக்கும் ஒரு விடை உண்டு என்பதே இந்தச் சொல்லின் உயிர்நாடி. 'எதிர்பார்ப்பு' அதைத் துளியும் காட்டாது. இலங்கை வழக்கான 'எதிர்பார்க்கை' ஆசை வாடையைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவே.

'சராசரி ஆயுட்காலம்' பரவாயில்லை. ஆயுள் என்றாலே காலந்தான், பிறகு எதற்குக் 'காலம்' என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கழித்தல் கணக்கு. அரசின் 2014–18 ஆயுள் அட்டவணைப்படி இந்தியாவில் பிறப்பின்போது சராசரி ஆயுள் 69.4 ஆண்டு. உடனே, 60இல் ஓய்வு பெறுபவருக்கு ஒன்பதரை ஆண்டு ஓய்வூதியம் போதும் என்று கட்டுரை எழுதிவிடுகிறார்கள். அதே அட்டவணையில் 60ஐ எட்டியவருக்கு இன்னும் 18 ஆண்டு சொச்சம் இருக்கிறது. பாதிப் பணத்தோடு முதுமைக்குத் திட்டம் போடுவதில் போய் முடியும் பிழை இது.

அடுத்த கட்டத்தில் 'சராசரி'யும் உதிர்ந்து, 'மனித ஆயுட்காலம் இரட்டிப்பானது' என்று ஆகிவிடுகிறது. ஆகவில்லை. 1997இல் இறந்த பிரான்சின் ழான் கால்மான் 122 ஆண்டு 164 நாள் வாழ்ந்தார். அந்த உச்சத்தை இன்னும் யாரும் தொடவில்லை. உச்ச ஆயுள் வேறு, சராசரி ஆயுள் வேறு, நெடுநாள் வாழ்வதைச் சொல்லும் நீடாயுள் வேறு. மூன்றுக்கும் 'ஆயுட்காலம்' என்று ஒரே முத்திரை குத்துவது சோம்பேறித்தனம்.

ஆயுள் வடமொழியாயிற்றே, வாழ்நாள் என்று மாற்றுங்கள் என்பார்கள் சிலர். வாழ்நாள் குறளிலேயே இருக்கும் நல்ல சொல், தாராளமாக எழுதலாம். ஆனால் நினைத்த ஆள் எதிரே வந்தால் 'ஆயுசு நூறு' என்று சொல்லும் ஊரில் ஆயுளை அயலாள் என்று விரட்ட வேண்டியதில்லை. வாழ்நாள் எதிர்பார்ப்பு என்று தூய்மைப்படுத்தி என்ன பயன்? தப்பு இருப்பது பின்பாதியில்.

'எஞ்சாயுள்' என்று சுருக்கிப் பார்த்தால் 'எஞ்சா ஆயுள்' என்று காதில் விழுந்து பொருளே தலைகீழாகிறது. ஆகவே நேராக 'சராசரி மீதி ஆயுள்' என்போம், வயதையும் சேர்த்து: '60 வயதில் சராசரி மீதி ஆயுள் 18 ஆண்டு'. பிறந்த குழந்தைக்கு மட்டும் 'மீதி' ஒட்டாது, அங்கே 'பிறப்பின்போது சராசரி ஆயுள்'.

பிரான்சில் மீதி ஆயுளை வைத்தே வீடு வாங்கும் முறை உண்டு, வியாஜே என்று பெயர். விற்பவர் சாகும்வரை வாங்குபவர் மாதப்பணம் தர வேண்டும், அதன்பின் வீடு அவருக்கு. 1965இல் 90 வயது கால்மானிடம் 47 வயது நோட்டரி ஒருவர் மாதம் 2,500 பிராங்குக்கு ஒப்பந்தம் போட்டார். வீட்டு விலையைப் போல இரு மடங்குக்கு மேல் கட்டிவிட்டு 1995இல் அவரே இறந்துபோனார். மீதியை அவர் குடும்பம் கட்டியது. ஆயுள் எதிர்பார்ப்பு என்ற சொல் சரியாகப் பொருந்துகிற ஒரே ஆள் அந்த நோட்டரிதான்.