மூட்டைப்பூச்சி: கொத்தை விட்டுத் தனியே போகும் பெண்

மெத்தையின் தையல் ஓரத்தில் கொத்தாக இருந்த மூட்டைப்பூச்சிகளை நசுக்கியாயிற்று, மருந்தும் அடித்தாயிற்று. மூன்று வாரம் கழித்து ஜன்னல் திரையின் மடிப்பிலும் சுவிட்ச் பெட்டிக்குள்ளும் புதிதாகத் தலைகாட்டுகின்றன. மருந்து சரியில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். மருந்திலும் குறை இருக்கலாம். ஆனால் சினையான பெண் பூச்சி அந்தக் கொத்தை விட்டு முன்பே கிளம்பிப் போயிருக்கவும் வாய்ப்பு அதிகம். அது ஏன் கிளம்புகிறது என்று தெரிய, இந்தப் பூச்சி எப்படி இணைசேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் ஊர் வீடுகளில் அதிகம் இருப்பது வெப்பமண்டல மூட்டைப்பூச்சியான சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். குளிர் நாடுகளில் அதிகம் காணப்படுவது அதன் உறவான சைமெக்ஸ் லெக்டுலேரியஸ். இணைசேரும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். வளர்ந்த பூச்சி ஒன்றைப் பிடித்து மல்லாத்திப் போட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பாருங்கள். வயிற்று நுனி உருண்டையாக இருந்தால் பெண். நுனி கூராக, அதில் அரிவாள் போல வளைந்த ஊசி ஒன்று மடிந்திருந்தால் ஆண். பெண்ணின் தலை மேற்பக்கம் இருக்கும்படி வைத்தால், அடிவயிற்றில் நம் இடக்கைப் பக்கமாக ஒரு தட்டின் ஓரம் சிறிது வெட்டுப்பட்டது போல உள்வாங்கியிருக்கும். ஆண் குத்தும் இடம் அது.

குத்துவது என்பது உவமை இல்லை. பெண்ணுக்கு முறையான பிறப்புறுப்பு உண்டு, ஆனால் அது முட்டையிட மட்டுமே பயன்படுகிறது. ஆண் அதைத் தொடுவதே இல்லை. பெண்ணின் மேல் ஏறி, அதன் வலப்பக்கமாக வயிற்றை வளைத்து, ஊசியால் தோலைத் துளைத்து விந்தை உடலுக்குள் செலுத்துகிறது. விந்தணுக்கள் உடல் திரவத்தில் நீந்தி, முட்டைக்குழாயின் அடியில் உள்ள சேமிப்புப் பைகளை அடைகின்றன. அங்கிருந்து குழாயின் சுவர் வழியாகவே ஏறிச் சூலகத்துக்குப் போகின்றன.

ஒவ்வொரு முறையும் பெண்ணுக்கு ஒரு காயம். உடல் திரவம் கசியும், அழுக்கு ஊசியோடு கிருமியும் உள்ளே போகும், ஆறுவதற்குச் சக்தி செலவாகும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வு இதை அளந்து காட்டியது. ஒரு வேளை இரத்தம் குடித்த பெண்ணை ஆண்கள் சராசரியாக ஐந்து முறை குத்துகின்றன. முட்டை கருவுற அத்தனை முறை தேவையே இல்லை. குறைவாக இணைசேர்ந்த பெண்களோடு ஒப்பிட்டால், அப்படிக் குத்துப்பட்டவற்றின் ஆயுள் கால் பங்கு குறைந்தது. முட்டையும் கூடவில்லை. பெண்ணுக்கு இத்தனை நட்டம் இருந்தும் ஆண் ஏன் விடுவதில்லை? கடைசியாகக் கூடும் ஆணின் விந்தே பெரும்பான்மை முட்டைகளில் சேர்கிறது. அதனால் ஏற்கெனவே சினையான பெண்ணையும் குத்துவது ஆணுக்கு ஆதாயம். ஒரே செயலில் ஆணின் நலனும் பெண்ணின் நலனும் எதிரெதிராக நிற்பதையே பரிணாமவியலில் பாலின மோதல் என்கிறார்கள்.

பெண்ணும் சும்மா இல்லை. நாம் லென்ஸில் பார்த்த அந்த வெட்டு, பெண்ணின் பக்கத்தில் உருவான தற்காப்பு. ஊசி அந்த இடத்துக்கு வழிகாட்டப்படுகிறது. உள்ளே, நம் வெள்ளணுக்களைப் போன்ற செல்கள் நிறைந்த பை ஒன்று கிருமியையும் விந்தையும் எதிர்கொள்கிறது. இந்த அமைப்புக்கு ஸ்பெர்மலீஜ் என்று பெயர். கிருமி ஏறிய ஊசியால் அங்கே குத்தியபோது தாங்கிய பெண்கள், உடலின் வேறு இடத்தில் குத்தியபோது சீக்கிரம் செத்தன. அதைவிட வியப்பு, இரத்தம் குடிக்கும் வேளை நெருங்கும்போதே கிருமியை அழிக்கும் நொதியைப் பெண் அந்தப் பையில் கூட்டிவைத்துக்கொள்கிறது. சாப்பிட்டால் அடுத்து குத்து விழும் என்பதற்கு உடலே முன்கூட்டித் தயாராகிறது.

குத்து ஏன் சாப்பாட்டுக்குப் பின் விழுகிறது? இரத்தம் குடித்து உப்பிய பெண்ணால் வயிற்றைத் தரையோடு அழுத்தி மறைத்துக்கொள்ள முடிவதில்லை. ஆணும் அந்தப் பருமனைப் பார்த்தே ஏறுகிறது. அதனால் வயிறு நிறைந்த இன்னோர் ஆண் மீதும், வளராத குஞ்சு மீதும் ஏறிவிடும். அவை உடனே அபாய வாசனையை வெளியிட, ஏறிய ஆண் இறங்கிவிடும். மூட்டைப்பூச்சியை நசுக்கினால் வரும், பச்சைக் கொத்தமல்லியை நினைவூட்டும் நெடியும் இந்த வாசனைதான். கென்யாவின் எல்கான் மலைக் குகைகளில் வௌவால் இரத்தம் குடிக்கும் ஓர் உறவுப் பூச்சியில், ஆணும் ஆணைக் குத்துவதால் ஆண்களுக்கே இத்தகைய தற்காப்பு அமைப்பு உண்டு. பெண்களில் சில, ஆணின் அமைப்பைப் போலவே காட்டிக் குத்திலிருந்து ஓரளவு தப்புகின்றன.

வீட்டுப் பூச்சிக்கு அந்த வேஷம் வாய்க்கவில்லை. அதற்கு உள்ள வழி விலகிப் போவது. ஃபுளோரிடாவில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், மற்றவை கொத்தாக ஒட்டிக் கிடக்க, வளர்ந்த பெண்களே அதிகம் தனித்துத் திரிந்தன. ஆணின் தொல்லையைத் தவிர்க்கவே அவை விலகுகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படிப் போகும் பெண்ணின் உடலில் பல வாரங்களுக்குப் போதுமான விந்து இருக்கும். அடுத்த அறையில், ஒரு பெட்டியின் ஜிப் மடிப்பில், துணை இல்லாமலே முட்டையிடத் தொடங்கும். நம் வெயிலில் இரத்தம் தடையின்றிக் கிடைத்தால் முட்டை முதிர்ந்த பூச்சியாக ஐந்து வாரம் அளவே ஆகும். பிறகு தன் மகனோடே கூடும். உறவுக்குள் கூடுவது இந்த இனத்தைப் பெரிதாக முடக்குவதில்லை. அமெரிக்க அடுக்குமாடிகளில் மரபணுவைச் சோதித்தபோது, ஒரு கட்டடம் முழுக்க இருந்த பூச்சிகள் ஒன்றிரண்டு தாய்களின் வழி வந்தவையாகத் தெரிந்தன.

ஆகவே கொத்தைக் கண்டதும் தேடலை நிறுத்தக் கூடாது. கட்டிலைச் சுற்றி ஐந்தடிக்குள் முதலில் பாருங்கள்: சட்டத்தின் திருகாணிக் குழி, பலகை மூட்டு, மெத்தையின் கைப்பிடித் தையல். பிறகு அதைத் தாண்டி வாருங்கள்: சுவரோர மரப்பட்டை, திரைக்கம்பி, காலண்டரின் பின்புறம், சுவிட்ச் பெட்டி (மின்சாரத்தை நிறுத்திவிட்டு), பிளாஸ்டிக் நாற்காலியின் அடி. தனிப் பெண் கண்ணில் படுவது அரிது. ஆனால் பேனா மை தெறித்தது போன்ற கரும்புள்ளி இருக்கும், ஈரத்துணியால் துடைத்தால் செம்பழுப்பாக இழுபடும். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளையாக ஒட்டிய முட்டையும் இருக்கும்.

முட்டையை மருந்து எளிதில் கொல்லாது. ஆறு முதல் பத்து நாளில் பொரியும். எனவே இரண்டாம் முறை மருந்தடிப்பதைப் பத்து முதல் பதினான்கு நாள் இடைவெளியில் வையுங்கள். முட்டைகள் பொரிந்திருக்கும், குஞ்சுகள் இணைசேரும் பருவத்தை எட்டியிருக்காது. இந்த இடைவெளி தவறினால் முதல் முறை செய்த வேலை வீண். பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கு இரு இனங்களுமே எதிர்ப்புச் சக்தி பெற்றிருப்பதால், மருந்தை மட்டும் நம்பாமல் சூட்டையும் சேர்க்க வேண்டும். 48 டிகிரியில் வளர்ந்த பூச்சி இருபது நிமிடத்தில் சாகும், முட்டைக்கு எழுபது நிமிடத்துக்கு மேல் வேண்டும். 60 டிகிரி வெந்நீரில் துணி துவைத்தால் இரண்டும் போகும். நீராவிக் கருவியை அகன்ற முனையோடு, ஓர் அடி நகர அரை நிமிடம் என்ற நிதானத்தில் ஓட்டுங்கள். வேகமாக அடித்தால் பூச்சி சாகாமல் சிதறும். மெத்தையை வெயிலில் போட்டால் மேல்துணிதான் சுடும். பூச்சி நிழல் பக்கம் நகர்ந்துகொள்ளும்.

கட்டில்காலுக்கு அடியில் வைக்கும் கிண்ணப் பொறியையும் நம்பி இருந்துவிடாதீர்கள். நம் ஊர் இனத்தின் கால்களில் ஒட்டும் மயிர்கள் அதிகம் என்பதால் வழுக்கும் பிளாஸ்டிக் சுவரிலும் ஏறிவிடும். கிண்ணம் காலியாக இருப்பது வீடு சுத்தம் என்பதற்குச் சாட்சி ஆகாது. பூச்சிக்குப் பயந்து அடுத்த அறையில் போய்ப் படுப்பதும் கூடாது. மனித வாடையைத் தேடிப் பூச்சியும் அங்கே வரும்.

தானியத்துக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் வீட்டுக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். ஈரக்காற்றில் அது பாஸ்பீன் வாயுவை விடும். அந்த வாயு சுவர் இடுக்கு வழியாகப் பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையைக்கூடக் கொல்லும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம், ஒரு பொறி போதும் வீடே எரிய.

வேலை முடிந்ததும் எல்லாக் கரும்புள்ளிகளையும் துடைத்துவிடுங்கள். எட்டு வாரம், வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். துடைத்த இடத்தில் புதிய புள்ளி ஒன்று தெரிந்தாலும், அங்கிருந்து ஐந்தடி அளந்து தேடலை மறுபடி தொடங்குங்கள்.