செட்டிநாட்டுச் சுவரும் கோலி சோடாவும்

கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ பழைய வீடு பார்க்கப் போனால், சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்லி, "முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசினது" என்பார்கள். பளபளப்பில் முட்டைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் அந்தச் சுண்ணாம்புப் பூச்சைக் கல்லாக்கியது காற்று. கால்சியம் ஹைட்ராக்சைடும் (சுண்ணாம்பு) காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் கால்சியம் கார்பனேட் என்று மாணவர்கள் மளமளவென எழுதிவிடுவார்கள். எதிரே நிற்கும் சுவரும் அதே சமன்பாடுதான் என்பது தாளில் தெரியாது.

வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஓர் இரவு விட்டால் மேலே தெளிநீர் நிற்கும். அதை வடித்து, ஸ்ட்ரா வைத்து ஊதினால் அதே கார்பனேட் உண்டாகி பால்போல் வெளுக்கும். (ஊத மட்டும்தான், உறிஞ்சக் கூடாது, கண்ணில் படவும் கூடாது.) வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான், நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம். பல வகுப்புகளில் சோதனை இத்துடன் முடிந்துவிடுகிறது. முடிவை முன்பே செய்முறை நோட்டில் எழுதிவிட்டு ஊதுவது சோதனை அல்ல, சடங்கு.

இங்கேதான் கேட்க வேண்டும்: அதே வாயுவை இன்னும் நிறையச் சேர்த்தால் என்ன ஆகும்? "இன்னும் வெளுக்கும்" என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். அப்போதுதான் உடைத்த கோலி சோடாவை, இனிப்பில்லாததாக, அந்த வெள்ளை நீரைப்போல இரண்டு மூன்று மடங்கு ஊற்றிக் கலக்குங்கள். வெண்மை கரைந்து நீர் மறுபடி தெளியும். கார்பன் டை ஆக்சைடு மிகுந்ததும், கரையாத கார்பனேட் கரையக்கூடிய பைகார்பனேட்டாகிவிட்டது. அதையே கொதிக்கவிட்டால் வாயு வெளியேறி நீர் திரும்பவும் கலங்கும். உப்புத்தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் பெரும்பகுதி இதுதான். கணிப்பு பொய்த்த பிறகு கேட்கும் விளக்கம் சுலபத்தில் மறக்காது.

சுவருக்கு வருவோம். 'பூச்சு வெறுமனே காய்ந்து இறுகியிருக்கலாமே?' என்று ஒரு மாணவர் மடக்கினால், அது நியாயமான சந்தேகம். சுண்ணாம்பும் மணலும் பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, சில வாரம் நிழலில் வைத்து உடையுங்கள். உடைந்த முகத்தில் மஞ்சள் கரைசலைத் தொட்டுத் தடவினால் நடுப்பகுதி சிவக்கும். ஆரத்தி நீர் சிவப்பதும் சுண்ணாம்பின் இதே காரத்தன்மையால்தான். ஓரத்திலோ மஞ்சள் பெரிதாக நிறம் மாறாது. உருண்டை முழுவதும் காய்ந்துதான் இருக்கிறது. காற்று எட்டிய ஓரம் மட்டுமே கார்பனேட்டாகியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால், எளிதில் உதிர்வது சிவந்த பகுதி.