ட்ரோனில் கட்டிய கேமராவின் பட்டனை யார் அழுத்துவது?

கைக்கு அடக்கமான சின்ன கேமராக்களில் பெரும்பாலும் ரிமோட் ஒயர் செருக இடமே இருக்காது. அதை ட்ரோனின் அடியில் கட்டி நூறு மீட்டர் உயரத்துக்கு அனுப்பினால், பட்டனை அழுத்த விரல் வேண்டுமே? அழுத்த வைப்பது அவ்வளவு கடினமில்லை. ஷட்டர் உண்மையில் எந்தக் கணத்தில் திறந்தது என்று அறிவதில்தான் பெரிய வேலை இருக்கிறது.

ஷட்டர் பட்டனுக்கு இரண்டு நிலைகள் உண்டு. பாதி அழுத்தினால் ஒரு சுவிட்ச் மூடி, ஃபோகஸும் வெளிச்ச அளவும் முடிவாகும். முழுதாக அழுத்தினால் அடுத்ததும் மூடி, படம் பதிவாகும். மேல்மூடியைக் கழற்றினால் ஃபோகஸுக்கு ஒன்று, ஷட்டருக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று என்று தொடுமுனைகளைக் கண்டுபிடிக்கலாம். அவற்றில் மெல்லிய ஒயர்களைச் சாலிடர் செய்து வெளியே இழுத்துவிட்டால், ஒயர்களைச் சேர்ப்பதும் பட்டனை அழுத்துவதும் ஒன்றுதான்.

அந்த ஒயர்களை ட்ரோனின் மின்சுற்றோடு நேராக இணைக்காமல், நடுவே ஓர் ஆப்டோகப்ளரை வைப்பது நல்லது. அதற்குள் ஒரு எல்இடியும் ஒளியை உணரும் டிரான்சிஸ்டரும் எதிரெதிரே இருக்கும். ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் எல்இடியை எரிய வைத்தால், அந்த ஒளி பட்டு டிரான்சிஸ்டர் சுவிட்சாக மூடிக்கொள்ளும். செய்தி ஒளியாகவே கடந்து போவதால், கேமராவையும் ட்ரோனையும் இணைக்கும் மின்பாதை எதுவும் அங்கே இல்லை.

கேமராவைத் திறப்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. ஃபிளாஷுக்கான மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் இருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும் அது தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

திறக்காமலே செய்யும் வழியும் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். கேனானின் பல சின்ன கேமராக்களுக்கு ஆர்வலர்கள் எழுதிய சிஎச்டிகே என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது மெமரி கார்டிலிருந்தே இயங்கும், கேமராவின் சொந்த மென்பொருளை அழிக்காது. கார்டின் ஓரத்தில் இருக்கும் குட்டிப் பூட்டை 'லாக்' பக்கம் தள்ளிவிட்டால், கேமராவை ஆன் செய்ததும் சிஎச்டிகே தானாக எழுந்துகொள்ளும். பூட்டியிருந்தாலும் படங்கள் பதிவாகும். அப்புறம் யூஎஸ்பி துளையில் 5 வோல்ட் வந்ததா, எவ்வளவு நேரம் நின்றது என்பதைச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றால் கவனித்து, அதற்கேற்பப் படம் எடுக்கச் சொல்லலாம்.

எப்போதெல்லாம் எடுப்பது? ட்ரோனை ஓட்டும் ஆர்டுபைலட் போன்ற மென்பொருளில், இத்தனை மீட்டர் நகர்ந்தால் ஒரு படம் என்று அமைக்கலாம். 100 மீட்டர் உயரத்தில், 5 மில்லிமீட்டர் குவியத்தூரமும் 4000-க்கு 3000 பிக்சலும் கொண்ட வழக்கமான சின்ன சென்சாரில், ஒரு பிக்சல் தரையில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டரைப் பிடிக்கும். படத்தின் குட்டைப் பக்கம் பறக்கும் திசையில் இருந்தால், ஒரு படம் அந்தத் திசையில் சுமார் 90 மீட்டரை அடக்கும். படங்களைத் தைத்து வரைபடமாக்க முக்கால் பங்காவது ஒன்றோடொன்று மேலே விழ வேண்டும், அதாவது 22 மீட்டருக்கு ஒரு படம். விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் போனால் இரண்டு விநாடிக்குள் அடுத்த படத்துக்குக் கேமரா தயாராக வேண்டும். மெதுவான கார்டு இங்கே காலை வாரிவிடும்.

சரி, இப்போது அந்தக் கணத்துக்கு வருவோம். கட்டளை போனதற்கும் ஷட்டர் திறப்பதற்கும் இடையே கேமரா ஃபோகஸ் தேடினால் அரை விநாடி போய்விடலாம். அதற்குள் ட்ரோன் 6 மீட்டர் தாண்டியிருக்கும், கட்டளை போன கணத்தில் ட்ரோன் பதிவு செய்த இடமோ பின்னால் இருக்கும். அதனால் ஃபோகஸை முடிவிலியில் பூட்டிவிடுவது அவசியம். பிறகும் கொஞ்சம் தாமதம் மிஞ்சும், ஆனால் அது பெரிதாக மாறாது. அதை அளக்க ஒரே கோட்டில், ஒரே தரைவேகத்தில், போய் ஒருமுறையும் திரும்பி ஒருமுறையும் பறந்தால் போதும். இருமுறையும் படங்களின் இடப்பிழை எதிரெதிர்த் திசையில் விழும். தரையில் உள்ள ஒரே புள்ளி இரண்டு கணக்குகளுக்கும் இடையே 3 மீட்டர் விலகித் தெரிந்தால், பாதியான ஒன்றரை மீட்டரை வேகமான 12 ஆல் வகுக்க வேண்டும். தாமதம் 0.125 விநாடி. அந்த எண்ணைக் கொண்டு ஒவ்வொரு படத்தின் இடத்தையும் பறந்த திசையில் ஒன்றரை மீட்டர் முன்னே தள்ளிவிடலாம்.