கடலட்டை எப்படிக் குஞ்சு பெறுகிறது?

குச்சவெளியில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அட்டை கிடந்த இடத்திலேயே கிடக்குது. ஆணா பெண்ணா எண்டும் தெரியாது. பிறகு எப்படிப் பெருகுது?"

ஆணும் பெண்ணும் தனித்தனிதான், ஆனால் வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாது. ஒன்றோடொன்று இணைசேர்வதும் இல்லை. விந்தையும் முட்டையையும் நேரே கடலில் விடுகின்றன. கருக்கட்டல் தண்ணீரில் நடக்கிறது. சரி, ஆனால் வெளியேறிய கணத்திலிருந்தே விந்து நீரில் கலந்து ஐதாகிக்கொண்டே போகும். நேரம் தப்பினால் முட்டை அத்தனையும் வீண்.

வெள்ளை அட்டை என்ற கடலட்டை இனம் இதைச் சமாளிக்கும் விதம் எனக்குத் தீராத வியப்பு. பெரும்பாலும் மாலை மங்கும்போது, ஆண் மணலை விட்டு வெளியே வந்து, படமெடுத்த நாகம்போல் முன்னுடலை நிமிர்த்தும். இனப்பெருக்கத் துவாரம் ஒன்றே ஒன்று, அதுவும் தலைக்குப் பக்கத்தில் முதுகுப்புறம். கடலடியை ஒட்டிய நீர் மந்தமாகவே நகரும். கொஞ்சம் மேலே நல்ல ஓட்டம் இருக்கும். அதனால்தான் நிமிர்கிறது. இடமும் வலமும் ஆடியபடி நெடுநேரம் விந்தை விட்டுக்கொண்டிருக்கும். பக்கத்து ஆண்களும் தொடங்கும். அந்த நீர் வந்து சேர்ந்த பிறகுதான் பெண் எழும்பும். துவாரத்தின் அருகே உடல் உப்பும். பிறகு இலட்சக்கணக்கான முட்டைகளைப் பலமாகப் பீச்சியடிக்கும். விந்து மலிவு, முட்டை செலவு கூடியது. ஆகவே விந்து நீரில் இருக்கிறது என்ற இரசாயனச் செய்தி கிடைக்கும்வரை பெண் முட்டையை விடாமல் வைத்திருக்கிறது. கண்ணும் மூளையும் இல்லாத உயிர் செய்யும் வேலை இது!

அப்புறம் முட்டையிலிருந்து வரும் குடம்பிகள், அதாவது மிகச்சிறிய இளம் பருவ உயிர்கள், ஏறக்குறைய இரண்டு வாரம் மிதந்து, கடற்புல்லில் வந்து ஒட்டும்.

இந்த முறை பலிக்க அட்டைகள் நெருங்கிக் கிடக்க வேண்டும். சுழியோடிகள் அள்ளியது போக, ஐம்பது அட்டைகள் ஒரு கடற்புல் வெளியில் சிதறிக் கிடந்தால் செய்தியும் போகாது, விந்தும் போகாது. எண்ணிக்கையில் ஐம்பது இருந்தும் குஞ்சு இராது. ஆகவே எத்தனை அட்டை என்பதோடு, ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்பதையும் அளக்க வேண்டும். அட்டைக் குஞ்சுகளை உற்பத்தி செய்யும் பொரிப்பகம் கட்டப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்த அளவெடுப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. நிலாவெளி முதல் புல்மோட்டை வரை அட்டை கிடக்கும் இடங்களைச் சுழியோடிகள் அறிவார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்து, மாணவர்களோடு மாலையில் கடலுக்கு அனுப்பினால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம்.