கடையில் சரிபார்த்துத் தந்த துவக்கோடு நேரே காட்டுக்குப் போகாதீர்கள்

கனடாவின் ஒன்ராறியோவில் பல இடங்களில் நவம்பர் தொடக்கத்தில் மான் வேட்டை ஆரம்பிக்கும். அதற்கு முந்திய இரண்டு வாரமும் எங்கள் சூட்டுத் திடலில் மேசை கிடைக்காது. அங்கே பாதுகாப்புப் பொறுப்பாளராக நிற்கிறவன் நான். இப்போது எங்கள் ஆட்களும் வருகிறார்கள். துவக்கு என்ற சொல்லே எங்கள் சனத்துக்கு வேறு நினைவுகளைக் கிளப்பும். அப்படியிருந்தும் பாடம் படித்து, சோதனை எழுதி, அனுமதி அட்டை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வருகிறவர்களில் பாதிப்பேர் சொல்வது ஒன்றுதான்: "கடையிலேயே ஸ்கோப்பைப் பூட்டிச் சரிபார்த்துத் தந்துவிட்டார்கள் அண்ணை. சும்மா இரண்டு வெடி வைத்துவிட்டுப் போகிறேன்."

கடையில் செய்வது துவக்கின் குழலையும், அதன்மேல் பூட்டும் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் கண்ணாடியையும் ஏறக்குறைய ஒரே திசைக்குக் கொண்டுவருவது மட்டும்தான். அங்கே ஒரு தோட்டாகூட வெடிப்பதில்லை. நீங்கள் வாங்கப்போகும் தோட்டா எது, உங்கள் தோளும் கன்னமும் துவக்கின் கட்டையில் எப்படிப் பதியும் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியாது. அப்படிச் சரிபார்த்த துவக்கு 100 மீற்றரில் ஒரு சாண் தள்ளிச் சுட்டதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மானின் நெஞ்சில், இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் சுமார் 20 சென்ரிமீற்றர் வட்டம். ஒரு சாண் தள்ளினால் குண்டு வயிற்றில் போகும். வயிற்றில் பட்ட மான் அந்த இடத்தில் விழாது. ஓடிப்போய் எங்கேயோ ஒரு பற்றைக்குள் படுத்து, மணிக்கணக்காய்க் கிடந்து சாகும். அப்படி ஒரு மானைத் தேடி, டோர்ச் வெளிச்சத்தில் இலைகளில் இரத்தப் பொட்டுப் பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறேன். கிடைக்கவில்லை. அந்த இரவு இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

போன வருடம் ஒரு தம்பி 308 என்ற அளவுத் தோட்டா போடும் ரைபிளோடு வந்தார். ஒரு வெடி வைப்பார், கண்ணாடியால் பார்ப்பார், ஸ்கோப்பின் குமிழைத் திருகுவார். மறுபடி ஒரு வெடி, மறுபடி திருகல். பெட்டியில் இருந்த 20 தோட்டாவில் 14 முடிந்துவிட்டது. ஓட்டைகள் குறி அட்டை முழுக்கச் சிதறிக் கிடந்தன. போல்ட்டை, அதாவது தோட்டா போடும் அறையை மூடித் திறக்கும் பூட்டை, திறந்து வைக்கச் சொல்லி, அந்த அறை வெறுமைதானா என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டு, ஸ்கோப்பைப் பிடித்து மெதுவாக அசைத்தேன். மயிரிழை அளவுக்கு அசைந்தது. ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தட்டின் முன் ஆணி தளர்ந்திருந்தது. ஸ்கோப்பையும் வளையங்களையும் கழற்றி, ஆணியின் எண்ணெயைத் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குமானி வைத்து இறுக்கித் திரும்பப் பூட்டினோம். திருப்பிச் சரிக்கட்டிய பிறகு வைத்த மூன்று வெடியும் ஒரு டூனிக் காசை (இரண்டு டொலர் நாணயம்) வைத்தால் மூன்றும் அதைத் தொடும் அளவுக்கு நெருங்கி விழுந்தன. குமிழைத் தொடுவதற்கு முன் ஆணிகளைப் பாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு இல்லாமல் மேசைக்கு வராதீர்கள். ரைபிள் வெடிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடி போதும் காதைக் கெடுக்க. குழலுக்குள் துணித்துண்டோ அடைப்போ இல்லையென்று ஒளி விட்டுப் பாருங்கள். தோட்டாவின் அடியில் பொறித்த எழுத்தும் குழலில் பொறித்த எழுத்தும் ஒன்றா என்று பாருங்கள். நான் "நிறுத்து" என்றால் போல்ட்டைத் திறந்து, கையை எடுத்து, கோட்டுக்குப் பின்னால் வந்து நில்லுங்கள். ஆட்கள் அட்டையடியில் நிற்கும்போது துவக்கைத் தொட்டுக்கூடப் பார்க்கக்கூடாது.

துவக்கின் முன் கட்டையை மணற்பையில் வையுங்கள். குழலை ஒருபோதும் எதிலும் சாய்க்க வேண்டாம்; குழல் எதிலாவது முட்டிக்கொண்டிருந்தால் குண்டு விழும் இடம் மாறிவிடும். பின் கட்டைக்கு ஒரு சின்னப் பை. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே நாலு விரல் இடைவெளியாவது வேண்டும். கிட்ட வைத்துப் புருவம் கிழிந்தவர்களுக்கு முதலுதவி செய்திருக்கிறேன்.

முதலில் 25 மீற்றர். எடுத்த எடுப்பிலேயே 100 மீற்றருக்குப் போனால் குண்டு அட்டையிலேயே படாமல் போகலாம், எங்கே போனது என்றும் தெரியாமல் போகும். மூன்று வெடி வையுங்கள், ஒன்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்று ஓட்டைக்கும் நடுவை எடுத்து, அது மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அடிமட்டத்தால் அளவுங்கள். பெரும்பாலான வேட்டை ஸ்கோப்பில் ஒரு கிளிக் திருகினால் குண்டு 100 மீற்றரில் சுமார் 7 மில்லிமீற்றர் நகரும். 25 மீற்றரில் அதன் நாலில் ஒரு பங்குதான், 2 மில்லிமீற்றர்கூட இல்லை. அதனால் 25 மீற்றரில் 5 சென்ரிமீற்றர் தள்ளியிருந்தால் 28 கிளிக் திருக வேண்டும். பலர் ஏழு கிளிக் திருகிவிட்டு, ஸ்கோப் பழுது என்று என்னிடம் வருகிறார்கள்.

குமிழின் மேலுள்ள அம்பு குண்டு எந்தப் பக்கம் நகரும் என்பதைக் காட்டுகிறது. குண்டு கீழே விழுகிறதா, மேல் அம்புப் பக்கம் திருகுங்கள். ஸ்கோப் இல்லாத பழைய துவக்கு என்றால் பின் குறியைக் குண்டு போகவேண்டிய பக்கமே நகர்த்துங்கள். முன் குறியை அதற்கு எதிர்ப்பக்கம்.

25இல் மையத்துக்கு வந்ததும் 100 மீற்றர். 308 போன்ற தோட்டாக்கள் அங்கே சில சென்ரிமீற்றர் மேலே விழும். ஸ்கோப் குழலுக்கு மேலே 4 சென்ரிமீற்றர் அளவு உயரத்தில் இருப்பதால் குண்டு பார்வைக்கோட்டைக் கீழிருந்து வெட்டி மேலேறி, பிறகு தாழ்ந்து இன்னொரு முறை வெட்டும். 100இல் 5 சென்ரிமீற்றர் மேலே விட்டால் 200 மீற்றர் அளவில் மீண்டும் மையத்துக்கு வரும். எங்கள் பக்கத்து அடர்காட்டில் 100 மீற்றருக்குள்தான் மான் தென்படும், ஆகவே நான் 100இலேயே மையத்தில் வைப்பேன். திறந்த வயல் ஓரத்தில் இருக்கிறவர் மற்றதைத் தேர்ந்தால் நான் மறுக்கமாட்டேன்.

ஒவ்வொரு மூன்று வெடிக்கும் பிறகு குழலை ஆறவிடுங்கள். குழலைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும்.

ஓட்டைகள் சேராமல் சிதறினால், ஆணியும் சரியென்றால், அடுத்து ஆளைப் பார்ப்பேன். சொல்லிவிட்டு, சில முறை தோட்டா போட்டும் சில முறை போடாமலும் துவக்கைக் கொடுப்பேன். எது எதுவென்று அவருக்குத் தெரியாது. தோட்டா இல்லாத முறை விசையை இழுத்ததும் குழல்வாய் கீழே குத்தும். உதையை எதிர்பார்த்து உடம்பே குலுங்குகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாருக்கும் நடப்பதுதான். வீட்டில் வெறும் துவக்கோடு, தோட்டா எதுவும் இல்லாத வீட்டறையில், விசையை மெல்ல அழுத்திப் பழகினால் போய்விடும்.

அப்புறம் தோட்டா. எந்தப் பெட்டியால் சரிக்கட்டினீர்களோ அதே கம்பனி, அதே எடை, காட்டுக்கும். மலிவானதால் பழகிவிட்டு விலையானதை வேட்டைக்கு எடுத்துப்போனால் நீங்கள் பார்த்த வேலை முழுக்க வீண். துவக்கு கீழே விழுந்தாலும், காரில் எங்காவது அடிபட்டாலும் திரும்பவும் மூன்று வெடி வைத்துப் பாருங்கள்.

அந்தத் தம்பியை மறுநாள் காலை வரச் சொன்னேன். காட்டில் நீங்கள் வைக்கும் முதல் வெடி குளிர்ந்த குழலிலிருந்துதான் போகும், அதைத்தான் அறிய வேண்டும். பனி பெய்திருந்தது. காரிலிருந்து இறங்கி, நேரே மேசைக்கு வந்து, ஒரே ஒரு வெடி வைத்தார். மையத்துக்கு இடப்பக்கம் ஒரு விரல் அகலம். குமிழைத் தொடவில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் திகதி, தோட்டாவின் பெயர், தூரம், "முதல் வெடி ஒரு விரல் இடம்" என்று எழுதி, துவக்குப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டிக்கொண்டு போனார்.